எதிரி நாட்டிலிருந்து வந்த மருந்து: சென்னையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கோவிட் மாதிரிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். அதன் பிறகு கல்லூரிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் தொற்றுநோய் பற்றிப் பேசப் போய்வருகிறேன். நோயைப் பற்றிப் பேசினாலும் கேள்விகள் நாடுகளைப் பற்றித்தான் வருகின்றன: சீனா என்ன செய்தது, பாகிஸ்தான் உதவியதா, நம் தடுப்பூசியை ஏன் வெளியே அனுப்பினோம். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

எல்லையில் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் நாடுகள் நோய்க்காகக் கைகோத்த வரலாறு உண்டா?

உண்டு. அதன் அடையாளம் நம் வீட்டுப் பெரியவர்களின் கையிலேயே இருக்கிறது. என் அம்மாவின் இடது மேற்கையில் காலணா அளவில் இரண்டு தழும்புகள் உள்ளன. 1960களில் பள்ளிக்கூடத்துக்கு வந்து அம்மை குத்தியபோது விழுந்தவை. பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய காலம் அது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அந்த நோய் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

1958இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உலக சுகாதார மாநாடு கூடியது. சோவியத் யூனியன் உலக சுகாதார நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. அதன் துணை சுகாதார அமைச்சர் விக்டர் ஜ்தானோவ் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்துவிட முடியும் என்று முன்மொழிந்தார். இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அணுகுண்டால் மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. 1967இல் ஒழிப்புத் திட்டம் முழு வேகத்தில் தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் டி. ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். அவர் கையில் இருந்த தடுப்பு மருந்தில் பெரும்பகுதி சோவியத் நாடு கொடுத்தது. மொத்தம் 140 கோடி டோஸ்களுக்கும் மேல் அந்த நாடு வழங்கியது. உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கிய மருந்து என்பதால் நம் ஊர் வெயிலிலும் அது கெடவில்லை. ஒரு துளியை எடுத்துத் தோலில் குத்துவதற்கு இரு முனை ஊசி கிடைத்தது. அது அமெரிக்கக் கண்டுபிடிப்பு.

சென்னைக்கும் இதில் இடம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, தயாரிக்கவே தோன்றிய நிறுவனம். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் நோய் கண்ட 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார்கள். பெரியம்மை ஊர் முழுக்கக் காற்றில் பரவுவதைவிட, ஒரே வீட்டில் நெருங்கிப் பழகுகிறவர்களிடையேதான் அதிகம் பரவுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஊரையே துரத்திக் குத்தாமல், நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் ஊசி போடும் முறைக்கு அது வலுச் சேர்த்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்று. 1980 மே மாதத்தில் நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார மாநாடு அறிவித்தது.

கிண்டி மருந்தும் மாஸ்கோ மருந்தும் கையில் ஒரே தழும்பைத்தான் விட்டுச் சென்றன.

ரஷ்யர்கள் இவ்வளவு கொடுத்தது மனிதாபிமானத்தாலா?

மனிதாபிமானமும் இருந்திருக்கும். பயமும் இருந்தது. 1959 டிசம்பரில் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சி கொகொரேகின் என்ற ஓவியர் இந்தியப் பயணம் முடித்து வீடு திரும்பினார். சில நாட்களில் இறந்தார். அவருக்கு வந்தது பெரியம்மை என்று தெரிவதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றிவிட்டது. சில வாரங்களில் கிட்டத்தட்ட மாஸ்கோ நகரம் முழுவதற்கும் ஊசி போட்டார்கள். தங்கள் நாட்டில் 1930களிலேயே ஒழித்த நோய், இந்தியாவில் இருக்கும்வரை விமானம் ஏறி வந்துகொண்டுதான் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும், தன்னலத்துக்காகச் செய்த உதவி உதவியே ஆகாது என்ற எண்ணத்தோடு கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்பை நம்பிக் கட்டிய ஒத்துழைப்பு ஆட்சி மாறினால் சரிந்துவிடும். இருவருக்கும் தேவை இருக்கிறது என்று தெரிந்து, அதற்கென்று ஆட்களும் ஆய்வகங்களும் நடைமுறையும் அமைந்துவிட்டால் அது தலைவர்களின் கோபத்தைத் தாண்டியும் நிற்கும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறேன்.

போலியோ சொட்டு மருந்து அமெரிக்கக் கண்டுபிடிப்புதானே?

கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் சேபின், அமெரிக்கர். ஆனால் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அவருக்கு அமெரிக்காவில் வழியில்லை. அங்கே ஏற்கெனவே சால்க் என்பவரின் போலியோ தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டிருந்தது. மாஸ்கோவின் மிகைல் சுமகோவ், சேபினிடமிருந்து வைரஸ் வகைகளைப் பெற்று, 1959 முதல் கோடிக்கணக்கான சோவியத் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில இடங்களில் மிட்டாயாகவே செய்து கொடுத்தார்கள். அமெரிக்க மருத்துவர்கள் பலர் அந்த முடிவுகளை நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் டாரதி ஹார்ஸ்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் நேரில் போய்ப் பார்த்து, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அதன் பிறகே அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது.

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மேசை போட்டு, குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புகிறார்களே, அந்த மருந்தின் பூர்வகதை இது. இந்தியாவில் போலியோவின் கடைசித் தொற்று 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது.

போரே நடந்துகொண்டிருக்கும்போது தடுப்பு மருந்து போட முடியுமா?

இந்தக் கேள்வியை வளசரவாக்கத்தில் ஓர் ஈழத்து அம்மையார் கேட்டார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது. மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

1985இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக அரசும் கெரில்லாக்களும் மூன்று நாட்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள். யுனிசெஃப் பேசிச் சம்மதிக்க வைத்தது. அதற்கு 'அமைதி நாட்கள்' என்று பெயர் வந்தது. இலங்கையிலும் 1990களின் நடுவிலிருந்து போலியோ சொட்டு மருந்துக்காக அரசும் விடுதலைப் புலிகளும் அப்படிப்பட்ட நாட்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். குளிர்பெட்டி இரு தரப்புச் சோதனைச் சாவடிகளையும் கடந்து போனது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெருந்தடை இருந்த வன்னிக்குள் சொட்டு மருந்து போனது.

அந்த நாட்கள் போரை நிறுத்தவில்லை. மறுநாள் குண்டு விழுந்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் போலியோவால் முடங்கவில்லை.

சீனா கொரோனாவை மறைத்ததா, உதவியதா?

இரண்டும் நடந்தது. ஆத்திரப்படுகிறவர்களும் சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் இதில் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

ஊகானில் முதலில் எச்சரித்த மருத்துவர்களைப் போலீஸ் அழைத்துக் கண்டித்தது. வைரஸின் மரபணு வரிசை அரசு ஆய்வகங்களில் தயாரான பிறகும் உடனே வெளிவரவில்லை. ஷாங்காயில் ஜாங் யோங்ஜென் என்ற அறிவியலாளரின் குழுவும் வரிசையைக் கண்டுபிடித்திருந்தது. 2020 ஜனவரி 11 அன்று அவர் சம்மதிக்க, அவரோடு நெடுநாள் ஆய்வு செய்துவந்த எட்வர்ட் ஹோம்ஸ் அதை ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து இணையத்தில் எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தைச் 'சீரமைப்பு' என்று சொல்லி மூடினார்கள்.

அந்த வரிசை என்ன செய்தது என்பதை நான் கையால் தொட்டுப் பார்த்தவன். பெர்லினில் கிறிஸ்டியன் ட்ரோஸ்டனின் குழு பழைய சார்ஸ் வைரஸை வைத்து ஏற்கெனவே பரிசோதனை முறை ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தது. வரிசை வந்ததும் சரிபார்த்தார்கள்; சில நாட்களில் உலக சுகாதார நிறுவனம் அதை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் எங்கள் மேசையில் குளிர்பெட்டியைத் திறந்தால், இளஞ்சிவப்புத் திரவத்தில் மூழ்கிய பஞ்சுக் குச்சிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பெயர், வயது, பேட்டை: ராயபுரம், புளியந்தோப்பு, கோடம்பாக்கம். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பரவியபோது அந்தப் பெட்டிகள் ஆய்வுக்கூட நடைபாதை வரை அடுக்கிக் கிடந்தன. அந்தத் திரவத்திலிருந்து வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ப்ரைமர் சேர்த்து, இயந்திரத்தில் வைப்போம். ப்ரைமர் என்பது வைரஸின் வரிசையில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு துண்டு. வரிசை தெரியாவிட்டால் ப்ரைமர் இல்லை. ப்ரைமர் இல்லாவிட்டால் சோதனையே இல்லை. 'சிடி எவ்வளவு?' என்று தெருவுக்குத் தெரு கேட்டோமே, வைரஸ் எத்தனையாவது சுற்றில் தென்பட்டது என்று காட்டும் அந்த எண் திரையில் வருவதற்கு ஷாங்காய், சிட்னி, பெர்லின் மூன்றும் தேவைப்பட்டன.

இதைச் செய்தது சீன அரசு என்று சொல்ல மாட்டேன். சீனர் ஒருவர் செய்தார். ஹோம்ஸுக்கும் அவருக்கும் இடையில் பல ஆண்டுப் பழக்கம் இல்லாதிருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் அது நடந்திருக்காது.

கல்வானில் 20 வீரர்களை இழந்த பிறகும் சீனப் பொருளை வாங்கியது சரியா?

இதைக் கேட்பவர்களின் வலியை மதிக்கிறேன். 2020 ஜூன் 15இல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த அந்த மோதலில் இறந்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து வீரர் ஒருவரும் இருந்தார். அந்த மாத இறுதியில் 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்தபோது என் தம்பி தன் போனிலிருந்து எல்லாவற்றையும் நீக்கினான்.

2021 மே மாதம் அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அதே தம்பிதான் அலைந்து திரிந்து ஓர் ஆக்சிஜன் செறிவூட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தான். பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் அது பழைய பிரிட்ஜ் போல உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த குப்பியில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருக்கும் வரை அம்மாவுக்குக் காற்று போகிறது என்று பொருள். இரவெல்லாம் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் ஒட்டிய சீட்டில் சீன எழுத்துகள். உள்ளே ஜியோலைட் என்ற கனிமம், காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்த மாதங்களில் இந்தியாவுக்கு இவை ஆயிரக்கணக்கில் சீனாவிலிருந்து வந்தன. இடையில் சீன விமான நிறுவனம் ஒன்று இரண்டு வாரத்துக்குச் சரக்கு விமானங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது எத்தனை வீடுகளில் மூச்சு நின்றிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வாங்கியது சரி. அப்படி ஒரே இடத்தை நம்பி இருந்ததுதான் தவறு. நம் மருந்துகளுக்கான மூலப்பொருள் இறக்குமதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்தே வருகிறது. அதை இங்கேயே செய்யக் கற்பது, நோய் இல்லாத நாட்களில் செய்ய வேண்டிய வேலை. நோயாளி மூச்சுத் திணறும்போது பொருளின் பிறப்பிடம் பார்க்கக் கூடாது.

பாகிஸ்தான் உதவ முன்வந்ததா?

வந்தது. 2021 ஏப்ரலில், பாகிஸ்தானில் ஆம்புலன்ஸ் சேவை நடத்தும் எதி அறக்கட்டளையின் ஃபைசல் எதி, 50 ஆம்புலன்ஸ்களையும் ஆட்களையும் அனுப்பத் தயார் என்று நம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உணவும் எரிபொருளும்கூடத் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார். அந்த வண்டிகள் வாகாவைத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் தெற்காசியாவின் சார்க் நாடுகள் காணொலியில் கூடியபோது பாகிஸ்தானும் கலந்துகொண்டது. இந்தியா அவசர நிதிக்கு ஒரு கோடி டாலர் தருவதாகச் சொன்னது. ஆனால் அவசரத்தில் ஆம்புலன்ஸை எந்த வாசல் வழியே, யார் கையெழுத்தில் உள்ளே விடுவது என்று இரு நாடுகளுக்கும் இடையே எந்த ஏற்பாடும் கிடையாது. நல்ல மனசு எல்லையில் வந்து நின்றுவிட்டது.

அமெரிக்காவும் ரஷ்யாவும்?

2020 ஏப்ரல் 1 அன்று ரஷ்ய ராணுவ விமானம் ஒன்று வென்டிலேட்டர்களும் முகக்கவசங்களும் ஏற்றிக்கொண்டு நியூயார்க்கில் இறங்கியது. மே மாதம் அமெரிக்கா மாஸ்கோவுக்கு வென்டிலேட்டர் அனுப்பியது. அந்தப் பரிமாற்றம் படம் எடுக்க உதவியது. ரஷ்யாவிலிருந்து வந்த கருவிகளை அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தவேயில்லை. அதே வகைக் கருவி ரஷ்யாவிலேயே தீவிபத்தில் சிக்கியதால் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒருவர் மருந்தையும் கருவியையும் மற்றவர் சோதித்து ஏற்கும் வழி முன்பே இல்லாவிட்டால் இதுதான் கதி. ஹார்ஸ்ட்மன் மாஸ்கோ போனதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பிணம் எரிந்துகொண்டிருந்தபோது நம் தடுப்பூசியை ஏன் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்?

கூட்டத்தில் இந்தக் கேள்வி எழும்போது யாராவது ஒருவர் குரல் உடைவதைக் கேட்கிறேன். அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது இல்லை.

2021 ஜனவரி 20 முதல் பூடானுக்கும் மாலத்தீவுக்கும் தொடங்கி, மார்ச் இறுதி வரைக்கும் பல நாடுகளுக்கு ஆறரைக் கோடி டோஸ் அளவில் போயின. நன்கொடையாகப் போனது அதில் ஒரு கோடி அளவுதான். மற்றவை விலைக்கு விற்றவை, அல்லது ஏழை நாடுகளுக்கான கோவாக்ஸ் திட்டத்துக்கு ஒப்பந்தப்படி போனவை. அந்த மாதங்களில் நம் ஊரில் ஊசி போட வயது வரம்பு இருந்தது, தயக்கமும் இருந்தது. முகாம்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை நானே பார்த்தேன். ஏப்ரலில் அலை வந்தபோதுதான் எல்லோருக்கும் தேவைப்பட்டது. அதற்குள் ஏற்றுமதி நின்றுவிட்டது. என் கணிப்பில், இங்கே நேர்ந்த தவறு அனுப்பியதில் இல்லை. நமக்கு வேண்டிய அளவுக்கு முன்கூட்டியே கொள்முதல் ஆணை கொடுக்காததில் இருக்கிறது.

அந்தப் பக்கமும் பாருங்கள். கோவாக்ஸின் முதல் பெரிய சரக்கு பிப்ரவரியில் கானாவுக்குப் போன 6 லட்சம் டோஸ், புனேயில் தயாரானது. முதல் ஊசி போட்டுக்கொண்ட ஆப்பிரிக்கச் செவிலியர்கள் பலர் இரண்டாவதற்குக் காத்திருந்தார்கள், நாம் நிறுத்திவிட்டோம். அதே நேரத்தில் அமெரிக்கச் சட்டம் ஒன்றால் மூலப்பொருள் வராமல் புனே தொழிற்சாலை தவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாடும் கதவை மூடியபோது அடுத்த நாட்டின் உற்பத்தி நின்றது. கோவாக்ஸ் 2021க்குள் 200 கோடி டோஸ் தருவதாகச் சொன்னது, பாதிகூட எட்டவில்லை.

வைரஸ் மாதிரியைக் கொடுக்க நாடுகள் ஏன் தயங்குகின்றன? கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

2006 இறுதியில் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளைக் கொடுப்பதை நிறுத்தியது. தன் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை வைத்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்ய, அதைத் தானே விலை கொடுத்து வாங்க முடியாத நிலையில் இருப்பதாக அது குற்றஞ்சாட்டியது. உலகமே கோபப்பட்டது, ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2011இல் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) காய்ச்சல் வைரஸ்களுக்கு மட்டும் ஓர் ஒழுங்கு வந்தது: மாதிரி கொடு, மருந்தில் பங்கு பெறு.

2025 மே 20 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உலகப் பெருந்தொற்று உடன்பாடு இதை எல்லாப் பெருந்தொற்றுக்கும் விரிக்க முயல்கிறது. பெருந்தொற்றின்போது தயாரிக்கும் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளில் 20 சதவீதத்தை நிறுவனங்கள் உலக சுகாதார நிறுவனத்துக்கு உடனுக்குடன் ஒதுக்க முயல வேண்டும். அதில் குறைந்தது பாதி நன்கொடை. எப்படி என்று சொல்லும் பின்னிணைப்பைத் தனியே பேசி முடிக்க விட்டுவைத்தார்கள். மாதிரி கொடுப்பவருக்கும் மருந்து செய்பவருக்கும் இடையிலான உண்மையான பேரம் அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. 60 நாடுகள் உறுதி செய்த பிறகே உடன்பாடு நடைமுறைக்கு வரும்.

அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலக முடிவெடுத்த பிறகு இதெல்லாம் நடக்குமா?

கஷ்டம்தான். 2025 ஜனவரி 20 அன்று விலகல் உத்தரவில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். மிகப் பெரிய நிதி வழங்கி வந்த நாடு அது. இருந்தாலும் 1952இல் தொடங்கிய ஃப்ளூ காய்ச்சல் கண்காணிப்பு வலையமைப்பைப் பாருங்கள். பனிப்போர் முழுவதும் அது நடந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, எந்த வகைக் காய்ச்சல் வைரஸைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று முடிவெடுக்க உலகெங்கும் உள்ள ஆய்வகங்களின் மாதிரிகள்தான் ஆதாரம். அந்தப் பெட்டிகளை அனுப்புகிறவர்கள் என்னைப் போன்ற ஆட்கள். அவர்களுக்குச் சம்பளமும், மாதிரிகளைக் குளிர்விக்கும் உலர்பனியும் கிடைத்துக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

சென்னையில் இருக்கும் நம்மால் என்ன செய்ய முடியும்?

ஏற்கெனவே செய்திருக்கிறோம். 1956இல், சுதந்திரம் பெற்று ஒன்பதே ஆண்டில், சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய் ஆய்வைத் தொடங்கின. நேற்றுவரை ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுக்கும் சிகிச்சையின் அதே அளவு பலன், நெரிசலான குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிடைத்தது என்று 1959இல் நிரூபித்தார்கள். உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறியது. நம் ஊர் ஏழைகளின் வீட்டிலிருந்து வந்த முடிவு அது.

இப்போது கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டில் சுமார் 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனத்தின் தடுப்பூசி வளாகம் கட்டப்பட்டது. 2021 மே மாதம், அதை இயக்கத் தமிழக அரசு அனுமதி கேட்டது. கட்டடம் இருந்தது, இயந்திரங்கள் இருந்தன. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அந்த ஆண்டு முழுவதும் அங்கிருந்து ஒரு டோஸ் கோவிட் தடுப்பூசிகூட வெளியே வரவில்லை. உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை பேட்டைக்கு வரும்போது, அந்த வளாகத்தில் இன்று என்ன தயாராகிறது என்று கேளுங்கள்.